பதிவுப் பெட்டியும் வீட்டுக் கடிகாரமும்



மாலை ஏழரை மணி. கூடத்தில் இருப்பதோ ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. பாட்டிக்கு அன்றாடத் தொடர் தொடங்கும் நேரம் அது. அப்பாவுக்குச் செய்தி கேட்க வேண்டும். மூத்த மகளுக்கு மறுநாள் கணிதத் தேர்வு. கூடத்துச் சத்தத்தில் அவளுக்குக் கணக்கு ஓடவில்லை. இளையவளோ கிரிக்கெட் ஆட்டம் முடியாமல் சாப்பிட வரமாட்டேன் என்கிறாள். அம்மா அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டே, "ஒருவேளையாவது எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக் கூடாதா?" என்று கேட்கிறார். விடை சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை.

இந்த வீட்டின் மாலைப் பொழுதை வகுத்தவர் யார்? பாட்டி அல்லர், அப்பாவும் அல்லர். எங்கோ தொலைவில், ஓர் ஒளிபரப்பு நிலையத்தில் நிகழ்ச்சி நிரலை எழுதியவரே வகுத்தார். அவர் குறித்த மணிக்கு நாம் உட்காருகிறோம். அவர் விட்ட மணிக்கு எழுந்திருக்கிறோம்.

இந்த நிலைமைக்கு மாற்றாக வந்த சாதனந்தான் டிஜிட்டல் வீடியோ ரெக்கார்டர் என்னும் பதிவுப் பெட்டி. தொலைக்காட்சியில் வரும் நிகழ்ச்சியைத் தானே பதிந்து வைத்துக்கொண்டு, நாம் கேட்கும் வேளையில் காட்டுவது அதன் பணி. அது எவ்வாறு இயங்குகிறது, அதை எப்படித் தெரிந்தெடுப்பது, வாங்கிய பின் அதனோடு எப்படி வாழ்வது என்னும் மூன்றையும் இக்கட்டுரையில் காண்போம். மூன்றாவதுதான் கடினமான பாடம். அதை நான் கற்ற விதத்தையும் பின்னால் சொல்கிறேன்.

பதிவுக் கருவியின் வரலாறு

படத்தைப் பிடித்து வைக்க வேண்டும் என்ற ஆசை தொலைக்காட்சியோடு கூடவே பிறந்தது. 1926ஆம் ஆண்டு லண்டனில் தொலைக்காட்சியைச் செய்து காட்டிய ஜான் லோகி பேர்டு, அடுத்த ஆண்டே தம் படங்களின் மின்குறிகளைக் கிராமபோன் இசைத்தட்டில் பதிய முயன்றார். பதிவு நடந்தது, ஆனால் அவற்றைத் திரும்பவும் செம்மையாகப் படமாக்கிக் காட்ட அவர் காலத்தில் இயலவில்லை.

அமெரிக்காவில் ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956 ஏப்ரலில் சிகாகோ நகரில் காட்டிய கருவியே நடைமுறைக்கு ஏற்ற முதல் வீடியோ நாடாப் பதிவுக் கருவி. அதன் நாடாவின் அகலம் 2 அங்குலம். நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடும். நான்கு காந்த முனைகள் பொருத்திய சிறு சக்கரம் ஒன்று நிமிடத்துக்கு 14,400 முறை சுழன்று அதில் படத்தை எழுதும்.

அக்கருவி அவர்களுக்கு ஏன் தேவைப்பட்டது? நியூயார்க்கில் மாலை ஆறு மணி ஆகும்போது லாஸ் ஏஞ்சல்ஸில் பிற்பகல் மூன்று மணிதான் ஆகியிருக்கும். நியூயார்க்கின் மாலைச் செய்தியை அதே நேரத்தில் அனுப்பினால், மேற்குக் கரையில் அலுவலகம் விட்டு யாரும் வீடு திரும்பியிருக்க மாட்டார்கள். ஆகவே சி.பி.எஸ். நிறுவனம் 1956 நவம்பர் 30 அன்று நியூயார்க் செய்தியை ஹாலிவுட்டில் நாடாவில் பதிந்து, மூன்று மணி நேரம் கழித்து ஒளிபரப்பியது. வீடியோ பதிவுக் கருவி ஒளிபரப்பில் செய்த முதல் வேலையே இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கு இடையே சமாதானம் செய்து வைத்ததுதான்.

வீட்டில் பயன்படும் சிறு கருவிகளாக ஜப்பானின் சோனி நிறுவனம் 1975இல் பீட்டாமேக்ஸையும், ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் வி.எச்.எஸ்.ஸையும் வெளியிட்டன. இதைத்தான் நம் ஊரில் "டெக்" என்றார்கள். திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் டெக்கை வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி விடிய விடியப் படம் பார்த்த கதையை உங்கள் தாய்மாரிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் பதிவு செய்ய டெக் வைத்திருந்தவர்கள் நம்மில் குறைவு. 1987, 1988ஆம் ஆண்டுகளில் ஞாயிறு காலை தூர்தர்ஷனில் "இராமாயண்" தொடர் வந்தபோது, அந்த வேளையைத் தவறவிட்டவர்களுக்கு அடுத்த வீட்டார் சொல்லும் கதைதான் கதி.

நாடாவை விட்டுக் கணினியின் ஹார்டு டிஸ்க்கில் பதியும் வீட்டுப் பெட்டிகள் 1999இல் அமெரிக்காவில் வந்தன. டிவோ, ரீப்ளே டி.வி. என்பன அவற்றில் முதன்மையானவை. முதலில் விற்ற டிவோ பெட்டிகளுள் சிறியது 14 மணி நேர நிகழ்ச்சிகளையே கொள்ளும். இந்தியாவில் டிஷ் மூலம் ஒளிபரப்பும் டாடா ஸ்கை நிறுவனம் 2008இல் "டாடா ஸ்கை பிளஸ்" என்ற பதிவுப் பெட்டியைக் கொண்டு வந்தது. அந்த நிறுவனத்தின் பெயர் 2022இல் டாடா பிளே என மாறியது. பிற்காலத்தில் பல செட்-டாப் பாக்ஸ்களில், பின்புறத் துளையில் பென் டிரைவையோ தனி ஹார்டு டிஸ்க்கையோ செருகிப் பதியும் வசதியும் வந்தது.

உள்ளே நடப்பது என்ன?

டிஷ் வழியாகவோ கேபிள் வழியாகவோ வரும் படம், நம் வீட்டுக்கு வரும்போதே எண்களாக மாற்றிச் சுருக்கப்பட்டு வருகிறது. பின்னணியில் அசையாமல் நிற்கும் சுவரை ஒவ்வொரு முறையும் புதிதாக அனுப்புவதில்லை. அசையும் கையையும் முகத்தையும் பற்றிய மாற்றங்களையே பெரும்பாலும் அனுப்புகிறார்கள். ஆகவே பதிவுப் பெட்டிக்குப் பெரிய வேலை இல்லை. வந்த எண்களை அப்படியே வட்டில் எழுதி வைத்துக் கொள்கிறது. இதனாலேயே பதிந்த படம் நேரடிப் படத்தைப் போலவே தெளிவாக இருக்கும். நாடாவைத் திரும்பத் திரும்ப ஓட்டத் தேய்ந்து மங்குவது போல இது மங்குவதில்லை.

ஒரு நிகழ்ச்சி பதிவாகிக் கொண்டிருக்கும்போதே அதன் தொடக்கத்தை நாம் பார்க்க முடிகிறதே, அது எப்படி? சாதாரண அலைவரிசை ஒன்றின் படம் நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே அது நொடிக்கு அரை மெகாபைட். ஹார்டு டிஸ்க்கோ நொடிக்கு 50 மெகாபைட்டுக்கு மேலும் எழுதவோ படிக்கவோ வல்லது. அதாவது வருவதைப் போல நூறு மடங்கு வேகம். இரண்டு அடுப்பில் இரண்டு குழம்பு வைத்திருக்கும் அம்மா, இதை ஒரு கிளறு, அதை ஒரு கிளறு என்று மாற்றி மாற்றிக் கிளறுவதைப் போல, வட்டின் முனை சற்று எழுதும், சற்றுப் படிக்கும். நமக்கு இரண்டும் ஒரே சமயத்தில் நடப்பதாகத் தோன்றும். நேரடி ஒளிபரப்பை நிறுத்தி வைத்து, வாசலில் வந்தவரிடம் பேசிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியும் இவ்வாறே அமைகிறது.

ஒரு சிறு கணக்கு

நொடிக்கு அரை மெகாபைட் என்றால், 3,600 நொடிகள் கொண்ட ஒரு மணி நேரத்துக்கு 1,800 மெகாபைட், அதாவது 1.8 ஜிகாபைட். எச்.டி. எனப்படும் உயர் தெளிவுப் படம் நொடிக்கு 8 மெகாபிட் எடுப்பதாகக் கொண்டால், மணிக்கு 3.6 ஜிகாபைட். ஆகவே 500 ஜிகாபைட் வட்டில் சாதாரணப் படம் ஏறத்தாழ 277 மணி நேரமும், எச்.டி. படம் ஏறத்தாழ 138 மணி நேரமும் அடங்கும். பெட்டி தன் சொந்த வேலைக்குச் சிறிது இடத்தை ஒதுக்கிக் கொள்ளுமாதலால் நமக்குக் கிடைப்பது இதனினும் குறைவே. விளம்பரத் தாளில் "இத்தனை மணி நேரம் பதியலாம்" என்று கண்டால், அது எந்தப் படத்துக்கான கணக்கு என்று கடைக்காரரைக் கேளுங்கள்.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

முதல் கேள்வி: நமக்கு இது வேண்டுமா? இன்று பல நிகழ்ச்சிகளை இணையத்தில் எந்நேரமும் பார்க்க முடிகிறது. நல்ல இணைய இணைப்பு உள்ள வீட்டில், பார்க்க விரும்புவதெல்லாம் அதிலேயே கிடைத்தால், பதிவுப் பெட்டிக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. இணையம் மெதுவாக வரும் ஊரிலும், ஒரே அலைபேசியைப் பலர் பகிரும் வீட்டிலும் நிலைமை வேறு. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது. 2020இல் பள்ளிகள் மூடியிருந்த நாள்களில் வகுப்பு வாரியாகக் குறித்த நேரத்தில் அதில் பாடங்கள் வந்தன. இணையத்திலும் அப்பாடங்களைக் காண முடிந்தது. ஆனால் அலைபேசியை அப்பா வேலைக்கு எடுத்துச் சென்றுவிட்டால் பிள்ளை என்ன செய்வாள்? ஒரு பென் டிரைவில் பாடத்தைப் பதிந்து வைத்து, புரியாத இடத்தில் நிறுத்தி, மறுபடியும் கேட்க முடிவது பெரிய உதவியல்லவா?

இரண்டாவது: ஒரே நேரத்தில் எத்தனை அலைவரிசைகளைப் பெறும்? அலைவரிசையைப் பிடித்துத் தரும் பகுதிக்கு டியூனர் என்று பெயர். ஒரே டியூனர் உள்ள பெட்டியில், ஓர் அலைவரிசையைப் பதியும்போது பொதுவாக வேறோர் அலைவரிசையைப் பார்க்க இயலாது. பாட்டியின் தொடரைப் பதிந்துகொண்டே அப்பா செய்தி பார்க்க வேண்டுமானால் இரண்டு டியூனர் தேவை. வாங்கி வந்த பிறகே இதை அறிந்து வருந்தியவர்கள் பலர்.

மூன்றாவது: பதிவு வேறு பெட்டியில் ஓடுமா? கட்டண அலைவரிசைகளின் பதிவுகளைப் பல பெட்டிகள் பூட்டியே வைக்கின்றன. அந்தப் பூட்டுக்குரிய சாவி அந்த ஒரு பெட்டிக்குள்ளேயே இருக்கும். பென் டிரைவைக் கழற்றி அத்தை வீட்டில் செருகினால் ஒன்றும் தெரியாது. சில பெட்டிகளில் சந்தா நின்றாலும் பழைய பதிவுகள் ஓடா.

நான்காவது: பென் டிரைவில் பதிவதானால், ஒரு கோப்பின் அளவுக்கு வரம்பு உண்டா? பழைய ஃபேட்-32 முறையில் அமைத்த பென் டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டாது. மேலே போட்ட கணக்கின்படி அது இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். சில பெட்டிகள் தாமே அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும். சில பெட்டிகள் அங்கேயே நின்றுவிடும். மூன்று மணி நேரப் படத்தின் முடிவு காணாமற் போவது இதனால்தான்.

ஐந்தாவது: வட்டு நிறைந்தால் என்ன செய்யும்? சில பெட்டிகள் புதிய பதிவை மறுக்கும். சில பெட்டிகள் சொல்லாமலே பழையதை அழிக்கும். அழியாமல் பூட்டும் பொத்தான் உண்டா என்று பாருங்கள்.

ஆறாவது: பாட்டியால் அதை இயக்க முடியுமா? கடையிலேயே ரிமோட்டை அவர் கையில் கொடுத்துப் பதிவுப் பட்டியலைத் திறக்கச் சொல்லுங்கள். எழுத்து பெரிதாகத் தெரிகிறதா? தமிழில் வருகிறதா? வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த இயந்திரம், மற்ற எல்லாரையும் அந்த ஒருவரின் தயவில் நிறுத்திவிடும்.

வைத்து நடத்தும் முறை

நம் வீடுகளில் எந்தப் பெட்டி வந்தாலும் அதன் மேல் பூ வேலை செய்த துணி உறை ஒன்றைப் போர்த்துவது வழக்கம். பதிவுப் பெட்டிக்கு அது ஆகாது. உள்ளே வட்டு சுழன்றுகொண்டே இருப்பதால் வெப்பம் உண்டாகும். பக்கத்துத் துளைகள் வழியே அது வெளியேற வேண்டும். பூ ஜாடியையும் அதன் மேல் வைக்காதீர்கள். பெட்டி ஓடும்போது அதை அசைக்கவோ தட்டவோ கூடாது. வட்டின் முனை வட்டைத் தொடாமல், தலைமயிரின் கனத்தைவிட மிக மிகக் குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. ஓர் அதிர்ச்சியில் அது வட்டைக் கீறிவிட்டால் அந்த இடத்தில் எழுதியது போயிற்று.

இரவில் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிட்டால் பதிவு நடக்காது. ரிமோட்டினால் மட்டும் ஓய்வு நிலையில் வைக்க வேண்டும். அதற்கும் ஒரு செலவு உண்டு. ஓய்விலும் பெட்டி 15 வாட் மின்சாரம் எடுப்பதாகக் கொண்டால், ஒரு நாளைக்கு 360 வாட்-மணி. இரண்டு மாத மின் கணக்கில் ஏறத்தாழ 22 யூனிட். பதிவு ஒன்றும் குறிக்காத நாள்களிலும் ஊருக்குப் போகும் நாள்களிலும் முழுவதும் அணைத்து வைப்பதே சிக்கனம். மின்வெட்டு உள்ள ஊரில், இன்வெர்ட்டர் இணைந்த பிளக்கில் பெட்டியைச் செருகுங்கள்.

டிஷ் வைத்திருப்போர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். செயற்கைக்கோளிலிருந்து வரும் நுண்ணலைகளை மழைத்துளிகள் உறிஞ்சிச் சிதறடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திரை வெறுமையாகும்போது பதிவும் வெறுமையாகவே இருக்கும்.

நிகழ்ச்சிகள் குறித்த மணிக்குத் தொடங்குவதும் முடிவதும் அரிது. ஆகவே ஐந்து நிமிடம் முன்னதாகத் தொடங்கவும் பத்து நிமிடம் பின்னதாக முடியவும் குறித்து வைப்பது நலம். அரை மணித் தொடரின் கடைசி நிமிடத்தில்தானே கதை திரும்புகிறது!

பதிந்ததைப் பார்க்கையில் விளம்பரங்களை ஓட்டிவிடலாம். நம் நாட்டுக் கேபிள் தொலைக்காட்சி விதிகள் மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரத்துக்கு இடம் தருகின்றன. அப்படியானால் அரை மணித் தொடரில் 6 நிமிடம் மிச்சம். வாரத்தில் ஐந்து நாளுக்கு அரை மணி நேரம். ஓர் ஆங்கிலப் பாடத்தைப் படித்து முடிக்க அது போதும்.

பதிவது குற்றமா?

இந்த ஐயம் பலருக்கு உண்டு. அமெரிக்காவில் யுனிவர்சல், டிஸ்னி ஆகிய பட நிறுவனங்கள் 1976இல் சோனி நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடர்ந்தன. அது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வீட்டில் பிறகு பார்ப்பதற்காகப் பதிவது முறையான பயன்பாடே என்று 1984 ஜனவரியில் தீர்ப்பாயிற்று. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நால்வர் மறு பக்கம். ஒரே ஒருவர் வித்தியாசம். அவ்வழக்கில் சாட்சி சொன்னவர்களுள் ஒருவர் ஃபிரெட் ரோஜர்ஸ். சிறு குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பல்லாண்டுகள் நடத்திய போதகர் அவர். தம் நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிந்து தங்களுக்கு ஏற்ற நேரத்தில் பார்ப்பதில் தமக்கு மறுப்பில்லை என்றும், தம் வீட்டுத் தொலைக்காட்சிப் பொழுதை வகுப்பதில் அக்குடும்பங்கள் தாமே பங்கு கொள்ள அது உதவும் என்றும் அவர் கருதினார். நீதிமன்றம் தன் தீர்ப்பில் அச்சாட்சியத்தைச் சுட்டிக்காட்டியது.

நம் நாட்டிலும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, ஒளிபரப்பை ஒருவர் தம் சொந்தப் பயனுக்காகவோ உண்மையான கற்பித்தலுக்காகவோ பதிவதை அனுமதிக்கிறது. ஆனால் அப்பதிவைப் பிரதி எடுத்து விற்பதும், ஊராருக்குப் பரப்புவதும் வேறு. அது பிறர் உழைப்பை எடுத்துக்கொள்வதாகும்.

நான் கற்ற பாடம்

இனி, முதலில் சொன்ன கடினமான பாடத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலும் ஒரு பதிவுப் பெட்டி வாங்கினோம். புதிதில் கண்டதையெல்லாம் பதிந்தோம். சமையல் குறிப்பு, பட்டிமன்றம், பழைய திரைப்படம், பிள்ளைகளுக்கான விஞ்ஞான நிகழ்ச்சி என்று பட்டியல் நீண்டது. பதிந்தவுடன் பார்த்துவிட்டது போன்ற ஒரு நிறைவு வரும். பிறகு பார்ப்பதே இல்லை.

என் தந்தையார் தஞ்சைப் பக்கம் விவசாயி. குறைந்த தண்ணீரில் ஒற்றை நாற்று நட்டு நெல் விளைவிப்பதைப் பற்றி, 2012ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், அந்நாளில் பொதிகை என்று பெயர் கொண்டிருந்த தூர்தர்ஷன் அலைவரிசையில் அவர் சில நிமிடம் பேசினார். அந்த ஆண்டு தமிழகத்தில் மின்வெட்டு கடுமை. ஒளிபரப்பான நேரத்தில் அவருடைய கிராமத்தில் மின்சாரம் இல்லை, அவர் பார்க்கவில்லை. நாங்கள் இருந்த நகரத்தில் இன்வெர்ட்டர் இருந்ததால் பெட்டி ஒழுங்காகப் பதிந்துவிட்டது. நாங்கள் அந்நேரம் பள்ளியில் இருந்தோம். "தாத்தா வந்ததும் எல்லாருமாகப் பார்க்கலாம்" என்று பிள்ளைகள் சொன்னார்கள். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

அரையாண்டு விடுமுறையில் அவர் வந்தார். இரவுச் சாப்பாடு முடிந்ததும், "என்னம்மா, அந்தப் பெட்டிக்குள்ளே நான் இருக்கேனாமே? கொஞ்சம் போட்டுக் காட்டேன்" என்றார். பிள்ளைகள் ஒரு திரைப்படத்தில் ஆழ்ந்திருந்தார்கள். நான் தேர்வுத் தாள் திருத்திக் கொண்டிருந்தேன். "நாளைக்குச் சாவகாசமா உட்கார்ந்து பார்க்கலாம் அப்பா" என்றேன். மறுநாள் விடியுமுன் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. வாய்க்காலில் முறைத் தண்ணீர் வருகிறதாம். தண்ணீருக்கு ஏங்கிய ஆண்டு அது. முதல் பேருந்துக்குக் கிளம்பிவிட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த தடவை பார்த்துக்கறேன். பெட்டிக்குள்ளேதானே இருக்கேன், எங்கே போயிடப் போறேன்?" என்று சிரித்தார்.

பங்குனியில் பெட்டி பழுதாயிற்று. பழுது பார்க்க வந்த இளைஞர் மரியாதையாகவே சொன்னார்: "பெட்டியை மாத்தித் தர்றோம்மா. பதிவை மட்டும் எடுக்க முடியாது." கையேட்டில் அது எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. புதுப்பெட்டி வந்தது. அந்த ஆடி மாதம் என் தந்தையார் காலமானார். தொலைக்காட்சியில் அவர் பேசியதை அவரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

பெட்டியின் மேல் எனக்குக் குறையில்லை. அது செய்ய வேண்டியதைச் செய்தது. ஒன்றைத் தள்ளிப்போடும் வசதியை அது எனக்குத் தந்தது. அந்த வசதியை நான்தான் அளவின்றிப் பயன்படுத்தினேன்.

எங்கள் வீட்டு விதிகள்

அதன்பின் ஒரு தாளில் ஐந்து விதிகளை எழுதிப் பெட்டியின் அருகே ஒட்டினோம். உங்களுக்கும் அவை பயன்படலாம்.

1. வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு மாலை, எல்லாரும் கூடி என்ன பதிவது என்று முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு நிகழ்ச்சி. பாட்டிக்கு மட்டும் அவருடைய தொடர் முழுவதும்.

2. பட்டியலில் பத்து நிகழ்ச்சிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. பதினொன்றாவதைச் சேர்க்க வேண்டுமானால் ஒன்றைப் பார்க்க வேண்டும். அல்லது வேண்டாமென்று அழிக்க வேண்டும். இதிலும் ஒரு கணக்கு உண்டு. நாள்தோறும் 2 மணி நேரம் பதிந்து ஒன்றரை மணி நேரமே பார்க்கும் வீட்டில், ஓராண்டில் 182 மணி நேரத்துக்கு மேல் பாக்கி சேரும். நாளுக்கு 2 மணி நேரம் வீதம் அதைப் பார்த்துத் தீர்க்க மூன்று மாதம் ஆகும்!

3. படிப்பு நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் பெட்டி பதியலாம். திரை எரியக் கூடாது.

4. பதிவு இருக்கிறது என்பதற்காக ஒரே இரவில் நான்கு நாள் தொடரைப் பார்க்கக் கூடாது. மிச்சம் பிடித்த நேரத்தை மீண்டும் திரைக்கே கொடுத்தால் மிச்சம் என்ன?

5. திரும்பக் கிடைக்காத பதிவு எதுவானாலும், அன்றே, அல்லது மறுநாளே பார்க்க வேண்டும். நம் வீட்டாரோ நம் பள்ளியோ திரையில் வந்திருந்தால், பெட்டியை மட்டும் நம்பாமல் நிலையத்துக்கு எழுதி நகல் கேட்க வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் ஏழரை மணிக்கு இரவுச் சாப்பாடு. அந்நேரம் என் மாமியாரின் தொடர் சத்தமின்றிப் பதிவாகிக் கொண்டிருக்கும். எட்டு மணிக்குப் பிள்ளைகள் படிக்கப் போவார்கள். ஒன்பதுக்கு மாமியாரும் நானும் அதைப் பார்க்கிறோம். முன்பெல்லாம் அந்தத் தொடர் எனக்குப் பிடிக்காது. இப்போதும் அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் அவர் இடையில் நிறுத்தி, "இந்த மருமகளைப் பாரு, எவ்வளவு நெஞ்சழுத்தம்!" என்று சொல்வதைக் கேட்க எனக்கு இப்போது நேரம் இருக்கிறது.

மாணவியரே! இயந்திரம் நம் பொழுதைக் காத்து வைக்கும் என்று எண்ணி ஏமாறாதீர்கள். அது நிகழ்ச்சியைத்தான் காத்து வைக்கும். அதுவும் தான் பழுதாகும் வரையில். பார்ப்பதற்குரிய வேளையையும், உடன் உட்கார வேண்டிய மனிதரையும் நாம்தான் காக்க வேண்டும். இன்று மாலை உங்கள் வீட்டில் யாராவது "அப்புறம் பார்க்கலாம்" என்று சொன்னால், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அன்போடு கேளுங்கள். அதைத் தாளில் குறித்து, பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

– அறிவியல் ஆசிரியை